சீனக்குடாவிலிருந்து கட்டுநாயக்காவுக்கு 16 நிமிடமா, 46 நிமிடமா? அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிப்போக வேண்டும்

உப்புவெளிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, வலது காலுக்குச் சென்னையில் சத்திரசிகிச்சை செய்ய நாள் குறித்தாயிற்று. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காலை மடக்கிக்கொண்டு இருக்க அவரால் முடியாது. போன மாதம் ஒரு பரிசோதனைக்காக வான் வாகனத்தில் கொழும்புக்குப் போய் வந்தோம், வந்த பிறகு மூன்று நாள் கட்டிலை விட்டு எழும்பவில்லை. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இந்தப் பயணத்தை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

இங்கே திருகோணமலையிலேயே சீனக்குடாவில் விமான நிலையம் இருக்கிறதே, எங்கள் வீட்டிலிருந்து அரை மணித்தியாலம்கூட எடுக்காது, அங்கிருந்தே கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா சர்வதேச விமான நிலையத்துக்குப் பறந்துபோய் அப்படியே சென்னை விமானத்தில் ஏறலாமே என்று நினைத்துத்தான் இணையத்தில் தூரம் பார்த்தேன். பார்த்த பிறகு குழப்பம் கூடிவிட்டது. ஒரு தளத்தில் 208 என்று இருக்கிறது, இன்னொன்றில் 129, மூன்றாவதில் 112. நேரமும் அப்படித்தான். ஒன்று 16 நிமிடம் என்கிறது, இன்னொன்று 46 நிமிடம் என்கிறது. இதற்குள் என் கணவர் வேறெங்கோ பார்த்துவிட்டு வந்து, 129 என்பது இரத்மலானைக்குரிய தூரம், நீ தவறான விமான நிலையத்தைப் பார்க்கிறாய் என்கிறார்.

இன்னொரு விஷயம். திருகோணமலையிலிருந்து சென்னைக்கு 507 கிலோமீற்றர், 1 மணித்தியாலம் 8 நிமிடம் என்று அதே தளத்தில் போட்டிருக்கிறது. அப்படியென்றால் நேரடி விமானம் ஏதாவது இருக்கிறதா? இல்லாவிட்டால் யாழ்ப்பாணம் போய்ப் பலாலியிலிருந்து ஏறுவது நல்லதா, கட்டுநாயக்காதான் நல்லதா? சின்னம்மா கோப்பாயில் இருக்கிறார், தேவையென்றால் ஓர் இரவு அங்கே தங்கலாம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள். எங்களுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

---

கடல்மைல் எழுதியது:

அக்கா, முதலில் தூரத்தை முடித்துவிடுவோம். நீங்கள் பார்த்த மூன்று எண்ணும் சரி. 208 என்பது கிலோமீற்றர். அதையே மைலில் சொன்னால் 129. விமானக்காரரும் கப்பல்காரரும் கணக்கிடுகிற கடல்மைலில் சொன்னால் 112. ஒரு கடல்மைல் என்பது 1.852 கிலோமீற்றர், சாதாரண மைலைவிடக் கொஞ்சம் நீளம், அதனால்தான் எண் குறைகிறது. உங்கள் கணவர் சொன்னதும் பிழையில்லை. சீனக்குடாவிலிருந்து இரத்மலானைக்கு ஏறத்தாழ 238 கிலோமீற்றர், அது கடல்மைலில் 129 வரும். ஆக ஒன்றில் மைல், மற்றதில் கடல்மைல், எண் மட்டும் தற்செயலாக ஒன்றாக வந்துவிட்டது. இப்படித் தளங்களில் பார்க்கும்போது எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

இந்த 208 என்பது இரண்டு ஓடுபாதைக்கும் நடுவே பூமியின் மேல் இழுத்த மிகக் குறுகிய கோடு. விமானம் அந்தக் கோட்டிலேயே போவதில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் பார்த்து எழும்ப வேண்டும், பிறகு திரும்ப வேண்டும், கட்டுநாயக்காவில் முன்னால் இரண்டு பெரிய விமானம் இறங்கிக்கொண்டிருந்தால் ஒதுங்கிச் சுற்ற வேண்டும். குறுகிய பயணத்தில் இந்தச் சுற்றுகள்தான் நேரத்தைத் தின்னும்.

இப்போது 16, 46 கதை. இந்தத் தளங்களில் பல தூரத்தை ஒரு பெரிய ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுத்துவிடுகின்றன. மணிக்கு 800 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள், 208ஐ அதால் வகுத்தால் 16 நிமிடம். இன்னொரு தளம் அதே கணக்கைப் போட்டு, ஏறவும் இறங்கவும் என்று அரை மணித்தியாலத்தைக் கூட்டிக்கொள்கிறது, 46 வந்துவிடும். உங்கள் சென்னைக் கணக்கும் அப்படித்தான் வந்திருக்கிறது. 507ஐ வகுத்தால் 38, அதோடு 30, மொத்தம் 68 நிமிடம். இரண்டு புள்ளியைக் கொடுத்தால் அது கோடு போட்டு வகுத்துத் தரும், அவ்வளவுதான். அந்தக் கோட்டில் ஒரு விமானமாவது பறக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. சீனக்குடாவிலிருந்து சென்னைக்கு நேரடிச் சேவை கிடையாது.

சீனக்குடாவுக்கு வந்து போகும் சிறிய பயணிகள் விமானம் ஜெட்டும் இல்லை. செஸ்னா கரவான் மாதிரி ஒற்றை இயந்திரம், முன்னால் ஒரு சுழலி, பத்துப் பேர் அளவில் இருக்கலாம். மணிக்கு 300 கிலோமீற்றர் அளவில் போகும். 208 கிலோமீற்றருக்கு நாற்பது நிமிடம் பறப்பு, அதோடு ஓடுபாதைக்கு உருண்டு போவது, ஏறுவது, இறங்க வரிசையில் நிற்பது எல்லாம் சேர்த்து ஐம்பது நிமிடத்திலிருந்து ஒரு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சினமன் எயார் இந்தப் பக்கம் பறக்கும். ஆனால் அது பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளை நம்பி ஓடுகிற சேவை, பஸ் மாதிரி நினைத்த நேரத்துக்குக் கிடைக்காது, உங்கள் திகதிக்கு இருக்கிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். கேட்கும்போது இரண்டு விஷயம் மறக்காதீர்கள். பொதி எவ்வளவு கொண்டுபோகலாம் என்பது ஒன்று, சிறிய விமானத்தில் எடைக் கட்டுப்பாடு கடுமையானது. மற்றது அம்மா ஏறுகிற படி. கரவானின் படி ஒடுக்கமானது, உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, குனிந்துதான் கதிரைக்குப் போக வேண்டும். முழங்கால் மடங்காத ஒருவருக்கு அந்த இரண்டு நிமிடம் ரோட்டில் இரண்டு மணித்தியாலத்தைவிடக் கஷ்டமாக இருக்கலாம்.

சென்னைக்குப் போவதில் எனக்குப் பிடித்த ஒரு கணக்கு இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். பலாலியிலிருந்து சென்னை ஏறத்தாழ 356 கிலோமீற்றர். கட்டுநாயக்காவிலிருந்து சென்னை ஏறத்தாழ 647 கிலோமீற்றர். பார்த்தால் பலாலி பாதித் தூரம். ஆனால் பலாலியிலிருந்து போவது ஏடிஆர், சுழலி விமானம், மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் போகும். கட்டுநாயக்காவிலிருந்து போவது ஜெட். அதனால் ரிக்கெற்றில் போட்டிருக்கும் நேரத்தைப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இருக்காது, இரண்டும் ஒன்றேகால் மணித்தியாலத்திலிருந்து ஒன்றரைக்குள் வரும். ஆகவே வானத்தில் நீங்கள் எதையும் மிச்சப்படுத்தப் போவதில்லை. எது நல்லது என்பதை ரோட்டை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

---

கிண்ணியா வான் எழுதியது:

ரோட்டைப் பற்றி நான் சொல்கிறேன் சகோதரி. பதினாறு வருடமாக இந்த இரண்டு பக்கமும் ஓடுகிறேன், நோயாளிகளையும் நிறையக் கொண்டு போயிருக்கிறேன்.

கட்டுநாயக்காவுக்கு கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகப் போவோம், 245 கிலோமீற்றர் வரும். குருநாகலில் அதிவேகப் பாதையில் ஏறி மீரிகமவில் இறங்கினால் ஊருக்குள் நிற்கிற நேரம் மிச்சம், 2022 தொடக்கத்தில் அந்தத் துண்டைத் திறந்த பிறகு எங்களுக்குப் பெரிய நிம்மதி. பகலில் ஐந்தரை, ஆறு மணித்தியாலம். தம்புள்ளைச் சந்தைப் பக்கம் லொறி நின்றால் இன்னும் கூடும். பலாலிக்கு ஹொரவப்பொத்தானை போய், அங்கே வவுனியாப் பாதைக்குத் திரும்பி, பிறகு யாழ்ப்பாணம் போகிற ஏ9 நெடுஞ்சாலை. வவுனியாவுக்கு 95 கிலோமீற்றர், அங்கிருந்து மேலே 150 அளவு. இதுவும் மொத்தம் 245தான். தூரம் ஒன்று, ஆனால் பயணம் ஒன்றில்லை. ஏ9 சமதரை, நேராக ஓடும், வளைவு குறைவு, பிரேக் அடிக்கிறது குறைவு. கால் வலிக்காரருக்கு வலி வருவதே ஒவ்வொரு பிரேக்குக்கும் உடம்பு முன்னால் போய்க் காலை ஊன்றுகிறதால்தான். நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன், குருநாகல் பக்கம் வந்தால் அவர்களின் முகமே மாறிவிடும். பலாலிக்கு நாலரையிலிருந்து ஐந்து மணித்தியாலம் போதும், நிறுத்தி நிறுத்திப் போனால் ஐந்தரை.

யாழ்ப்பாணப் பட்டணத்துக்குள் போகவும் தேவையில்லை. கைதடியில் திரும்பினால் கோப்பாய், உங்கள் சின்னம்மா வீடே வழியில் வந்துவிடும்.

ஒன்றை மட்டும் கேளுங்கள். எந்தப் பக்கம் போனாலும் இரவில் வெளிக்கிடாதீர்கள். கட்டுநாயக்காவில் அதிகாலை விமானம் என்றால் எல்லோரும் இரவு எட்டு ஒன்பதுக்கு இங்கிருந்து வெளிக்கிடுவார்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை ரோட்டில் நிற்கும், இருட்டில் பக்கத்தில் போகும்வரைக்கும் தெரியாது. ஹொரவப்பொத்தானைப் பக்கமும் யானை இருக்கிறது. ஒருமுறை எனக்கு முன்னால் போன வாகனம் சடுதியாக நின்று, நானும் அடித்து நிறுத்தி, பின்னால் இருந்த வயதான அம்மா முன் கதிரையில் மோதிவிட்டார். அதற்குப் பிறகு நான் இரவு ஹயர் எடுப்பதில்லை.

வான் பிடிக்கும்போது நடுக் கதிரை ஒன்றைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். கழற்றினால் அம்மா காலை நீட்டி ஒரு பெட்டி மேல் தலையணை போட்டு வைத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிட வேலை, கேட்டால் எந்த டிரைவரும் செய்வார், நாமாகச் சொல்ல மாட்டோம்.

---

லண்டன் தம்பி எழுதியது:

நான் வருடத்துக்கு ஒருமுறை அப்பா அம்மாவைப் பார்க்கத் திருகோணமலைக்கு வருகிறவன். லண்டனிலிருந்து கட்டுநாயக்கா ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர், பத்தரை மணித்தியாலத்தில் வந்துவிடும். திரும்பிப் போக அதே தூரத்துக்கு பதினொன்றுக்கு மேல் எடுக்கும், மேலே மேற்கிலிருந்து வீசுகிற காற்று முகத்தில் அடிப்பதால். அந்தப் பத்தரை மணித்தியாலம் எனக்குக் களைப்பே தெரிவதில்லை. கட்டுநாயக்காவில் வெளியே வந்து வீட்டுக்குப் போகிற 245 கிலோமீற்றர்தான் உடம்பை முறிக்கும். அதனால் உங்கள் கவலை எனக்கு நன்றாக விளங்குகிறது.

ரயிலையும் யோசித்துப் பாருங்கள் என்று சொல்லலாம் என்றுதான் எழுத வந்தேன். கொழும்புக் கோட்டைக்கும் திருகோணமலைக்கும் இடையில் ஓடுகிற இரவுத் தபால் ரயிலில் படுக்கை கிடைத்தால் காலை நீட்டிக்கொண்டு வரலாம், அப்பா அப்படித்தான் வருவார். ஆனால் எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாது, கல்லோயாப் பக்கம் யானைக்காக மெதுவாக விடுவார்கள், கோட்டையில் இறங்கி மறுபடி கட்டுநாயக்காவுக்கு வாகனம் பிடிக்க வேண்டும், பெட்டியின் படியும் உயரம். யோசித்தால் உங்கள் அம்மாவுக்கு அது சரிவராது.

நேரம் பார்ப்பதில் ஒரு சின்ன விஷயம். ரிக்கெற்றில் புறப்படும் நேரமும் இறங்கும் நேரமும் அந்தந்த ஊர் நேரத்தில்தான் இருக்கும். இலங்கையும் இந்தியாவும் இப்போது ஒரே நேரம் என்பதால் நீங்கள் நேரே கழித்துப் பார்க்கலாம், வருவதுதான் உண்மையான நேரம். 1996இலிருந்து 2006 ஏப்ரல் வரைக்கும் நம் மணிக்கூடு இந்தியாவைவிட முன்னால் ஓடியது, அந்தக் காலத்து ஆட்கள் சிலர் இன்னும் அரை மணித்தியாலம் கூட்டிக் கழித்துச் சொல்வார்கள். என் மாமா போன வருடம் அப்படிச் சொல்லி எங்களைக் குழப்பினார். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

---

ஓர்ஸ்ஹில் பெரியவர் எழுதியது:

பிள்ளை, நேரடி விமானம் இருக்கிறதா என்று நீ கேட்டதைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. சீனக்குடாவின் ஓடுபாதை ஏறக்குறைய 2,400 மீற்றர். பெரிய ஜெட் இறங்குகிற நீளம். வெள்ளைக்காரன் காலத்து விமானத் தளம் அது, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் வந்து துறைமுகத்தையும் அந்தத் தளத்தையும் குண்டு போட்டுத் தாக்கினான், எங்கள் அப்பு அன்றைக்குத் தம்பலகாமத்து வயலுக்குள் படுத்துக் கிடந்து பார்த்ததை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு அது விமானப்படையின் இடம், அவர்களின் பயிற்சிக் கல்லூரியும் அங்கேதான். குடிவரவு, சுங்கம் எல்லாம் வைத்து நாளாந்தம் வெளிநாட்டு விமானம் வந்துபோகிற ஏற்பாடு அங்கே இல்லை. ஓடுபாதை மட்டும் இருந்தால் போதாது.

பலாலிக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் விமானமே இரத்மலானையிலிருந்து வெளிக்கிட்டு, காங்கேசன்துறையில், அதாவது இந்தப் பலாலியில் இறங்கி, பிறகு மதராசுக்குப் போனது. டகோட்டா விமானம். அன்றைக்கே யாழ்ப்பாணத்தில் ஏறி மதராசில் இறங்கினார்கள். பிறகு எத்தனை வருடம் பூட்டிக் கிடந்தது! 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள், நவம்பரில் சென்னை விமானம் வந்தது, 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்றது, 2022 டிசம்பரில்தான் மறுபடி தொடங்கியது. இண்டிகோ 2024 செப்டம்பரில் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் வரத் தொடங்கியது. இவ்வளவு சிரமப்பட்டுக் கிடைத்ததை நாம் பயன்படுத்த வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் உன் அம்மாவுக்கு எது நோகாதோ அதைப் பார், என் ஆசைக்காகப் போகாதே.

---

கடல்மைல் எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும், இது பலாலிக்கு எதிரான பேச்சாகத் தெரியலாம், ஆனாலும் தெரிந்துகொண்டு போவது நல்லது. பலாலியில் ஓடுபாதை நீளம் குறைவு, அதனால்தான் ஏடிஆர் வருகிறது. சேவை எண்ணிக்கையும் குறைவு. கட்டுநாயக்காவில் ஒரு விமானம் நின்றால் அதே நாளில் சென்னைக்கு வேறொன்று கிடைக்க வாய்ப்புண்டு, பலாலியில் நின்றால் பெரும்பாலும் அடுத்த நாள்தான். நவம்பர், டிசம்பர் மாரி மழையில் இது நடக்கக்கூடியது. ஆகவே சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் போய் இறங்குகிற மாதிரி ரிக்கெற் எடுக்காதீர்கள். இரண்டு, மூன்று நாள் முன்னால் போங்கள்.

---

ஆஸ்பத்திரித் தாதி எழுதியது:

நான் எலும்பு முறிவு வார்டில் பல வருடம் வேலை செய்கிறேன். எல்லோரும் போகிற பயணத்தைப் பற்றியே கதைக்கிறீர்கள். அக்கா, கஷ்டம் திரும்பி வருகிற பயணத்தில்தான் இருக்கிறது.

போகும்போது அம்மாவுக்குத் தேய்ந்த கால், வலிக்கும், ஆனால் புதிதாக ஆபத்து ஒன்றும் இல்லை. திரும்பும்போது புது மூட்டு வைத்த கால். அந்த நேரம் அசையாமல் நீண்ட நேரம் இருந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. அது விமானத்துக்கு மட்டும் உரியதில்லை, ஐந்து மணித்தியாலம் வான் வாகனத்தில் இருந்தாலும் அதே ஆபத்துத்தான். அதனால் எத்தனை நாளுக்குப் பிறகு பயணம் செய்யலாம், எத்தனை மணித்தியாலம் தொடர்ந்து இருக்கலாம், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து தொடர வேண்டுமா என்பதை வெட்டிய டொக்டரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். திரும்பும் ரிக்கெற்றை இப்போதே முடிவாக எடுக்க வேண்டாம், அல்லது திகதி மாற்றக்கூடியதாக எடுங்கள். பலர் வார்டிலிருந்து விடுவிக்கும் திகதியை வைத்து ரிக்கெற் போட்டுவிட்டு அழுவதைப் பார்த்திருக்கிறேன்.

புது மூட்டு உலோகம் என்பதால் விமான நிலையச் சோதனையில் கருவி சத்தம் போடும். பயப்பட ஒன்றும் இல்லை, முன்கூட்டியே அதிகாரியிடம் சொல்லிவிட்டு டொக்டரின் கடிதத்தைக் காட்டுங்கள்.

சக்கர நாற்காலியை ரிக்கெற் எடுக்கும்போதே கேளுங்கள், குறைந்தது இரண்டு நாளுக்கு முன்னால் ஒருமுறை உறுதிப்படுத்துங்கள். கேட்கும்போது வெறுமனே நாற்காலி வேண்டும் என்று சொல்லாமல், அம்மாவால் படி ஏற முடியுமா முடியாதா என்பதைச் சொல்ல வேண்டும், இரண்டுக்கும் அவர்கள் செய்யும் ஏற்பாடு வேறு. பலாலியில் கட்டடத்திலிருந்து நேரே விமானத்துக்குள் நடந்து போகிற பாலம் கிடையாது. வெளியில் நடந்து போய்ப் பின் கதவால் ஏற வேண்டும். ஏடிஆரின் படி சில படிகள்தான், ஜெட்டுக்கு வைக்கிற ஏணி மாதிரி உயரமில்லை, ஆனால் கைப்பிடித்து ஏற்றுவதற்கு ஓர் ஆள் வேண்டும். இருக்கை நடைபாதைப் பக்கம் எடுங்கள், வலது கால் வெளியே நீட்டக்கூடிய பக்கமாக இருக்கட்டும்.

---

உப்புவெளிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவேயில்லை. ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், டகோட்டாவைப் பற்றி அவரும் தன் தகப்பன் சொல்லிக் கேட்டிருக்கிறாராம்.

நாங்கள் கோப்பாயில் இரண்டு இரவு தங்கிப் பலாலியால் போவது என்று முடிவு செய்திருக்கிறோம். சிறிய விமானத்தை விட்டுவிட்டோம், குனிந்து ஏறுவது அம்மாவால் நிச்சயமாக முடியாது. நடைபாதையில் வலது கால் நீட்ட எந்தப் பக்க இருக்கை என்று மட்டும் யாராவது சொல்லுங்கள், எனக்கு இட வல மாறிப் போகிறது.

---

ஆஸ்பத்திரித் தாதி எழுதியது:

விமானத்தின் முன்பக்கத்தைப் பார்த்து இருக்கும்போது இடது பக்க வரிசையில் நடைபாதை ஓர இருக்கை. அப்போது நடைபாதை அம்மாவின் வலது கைப்பக்கம் வரும். ஏடிஆரில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு இரண்டு இருக்கை, ஆகவே யன்னலோரம் நீங்கள் இருங்கள். பணியாளர் வண்டி தள்ளி வரும்போது மட்டும் காலை உள்ளே எடுக்கச் சொல்லுங்கள்.

---

உப்புவெளிக்காரி எழுதியது:

இரண்டு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். அம்மா வீட்டில் இருக்கிறார், கோலோடு முற்றம்வரை நடக்கிறார். எனக்குப் பின்னால் யாராவது இதே கேள்வியோடு வருவார்கள் என்று நேரத்தை எல்லாம் கொப்பியில் குறித்து வைத்தேன், அப்படியே தருகிறேன்.

காலை 6.10க்கு உப்புவெளியிலிருந்து வெளிக்கிட்டோம். நடுக் கதிரை கழற்றிய வான், நன்றி சகோதரரே, அது ஒன்றே பாதிப் பயணத்தைக் காப்பாற்றியது. ஹொரவப்பொத்தானை தாண்டி ஒருமுறை, வவுனியாவில் ஒருமுறை, கிளிநொச்சியில் ஒருமுறை என்று மூன்று இடத்தில் நிறுத்தி அம்மாவை நடக்க வைத்தோம். கோப்பாய்ச் சின்னம்மா வீட்டு வாசலில் 11.35. நிறுத்திய நேரத்தோடு ஐந்து மணித்தியாலம் 25 நிமிடம். அன்றைக்கு இரவு அம்மாவுக்குக் கால் வீங்கியது, அடுத்த நாள் முழுக்க ஓய்வெடுத்ததில் வற்றிவிட்டது. அந்த ஒரு நாள் இல்லாமல் நேரே விமானத்துக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது.

மூன்றாம் நாள் பலாலிக்கு இருபது நிமிடம். நாற்காலி தயாராக இருந்தது. இரண்டு பேர் கைகொடுத்துப் படியில் ஏற்றினார்கள், அதில் ஒருவர் அம்மாவை "அம்மாச்சி, இடது காலை முதலில் வையுங்கோ" என்று சொல்லிச் சொல்லி ஏற்றியதை மறக்க மாட்டேன். விமானம் உருளத் தொடங்கியது 3.49, சக்கரம் நிலத்தை விட்டது 3.58, சென்னையில் தொட்டது 4.56. ஆக வானத்தில் இருந்தது 58 நிமிடம். கதவு திறக்க 5.05 ஆகிவிட்டது. அங்கிருந்து குடிவரவு, பொதி, வாகனம் எல்லாம் முடிந்து தங்குமிடத்துக்கு 6.40. 356 கிலோமீற்றர்ப் பறப்புக்கு அரை நாள் போய்விட்டது, ஆனால் அதில் அம்மா காலை மடக்கி இருந்தது ஒரு மணித்தியாலம்தான்.

திரும்பும்போது தாதி அக்கா சொன்ன மாதிரியே நடந்தது. நாங்கள் நினைத்த திகதிக்கு டொக்டர் விடவில்லை, இன்னும் பன்னிரண்டு நாள் பொறுக்கச் சொன்னார். மாற்றக்கூடிய ரிக்கெற் என்பதால் வித்தியாசக் காசு மட்டும் கட்டினோம். சென்னையில் சோதனைக் கருவி சத்தம் போட்டது, கடிதத்தைக் காட்டினோம், ஒரு பெண் அதிகாரி தனியாக அழைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். கோப்பாயில் மறுபடி இரண்டு நாள்.

இடது காலுக்கு அடுத்த வருடம். அப்போது நடைபாதை ஓரத்தில் வலது பக்க இருக்கை எடுக்க வேண்டும், கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.